தாழியில் கிடந்த அரிசி

ஏப்ரல் 7

இமெல்டா வந்து இறங்கிவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஒரு சாக்கு நிறைய நுங்கு. நுங்கு யாருக்கு என்றால் அகழாய்வுக் குழியில் வேலை செய்யும் பெண்களுக்காம். இரண்டு மாதமாக இந்த ஆலடிப் பரம்பு மேட்டில் நான் வெந்து கருகிக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒரு நுங்கு தர எவருக்கும் தோன்றியதில்லை. நானும் யாருக்கும் வாங்கித் தந்ததில்லை என்பது வேறு விஷயம்.

நான் எலும்பும் மண்ணும் பார்க்கிறவள். முதுமக்கள் தாழியில் கிடப்பவர் ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன தின்றார், எப்போது செத்தார் என்று சொல்வது என் வேலை. அவள் தமிழ்த்துறைப் பேராசிரியை, ஒப்பாரி சேகரிப்பவள். அகழாய்வில் ஒப்பாரிக்கு என்ன வேலை? இயக்குநர் பால்வண்ணம் சாரிடம் கேட்டேன். "எலும்பு பேசாதும்மா, மனுசங்க பேசுவாங்க. ரெண்டும் வேணும்" என்றார். எலும்பு பேசும். கேட்கத் தெரிய வேண்டும்.

பாளையங்கோட்டை ஹாஸ்டலில் மூன்று வருடம் நானும் இமெல்டாவும் ஒரே அறை. அப்போதும் மெஸ்ஸில் அவள் தட்டில்தான் பெரிய மீன் துண்டு விழும். இன்று சாயங்காலத்துக்குள் குழிப் பெண்கள் அத்தனை பேருக்கும் அவள் 'எக்கா' ஆகிவிட்டாள். நான் இன்னும் 'மேடம்'தான்.

ஏப்ரல் 9

துணி துவைத்தேன். செம்மண் கறை போகவே இல்லை.

ஏப்ரல் 12

பெரிய தாழியின் மூடியை இன்று எடுத்தோம். உள்ளே முழு எலும்புக்கூடு, முழங்காலை மடக்கி உட்கார்ந்த வாக்கில். நான் இறங்கி வெகுநேரம் பார்த்தேன். இடுப்பெலும்பு பெண்ணுடையது. காறை எலும்பின் முனை இன்னும் ஒட்டவில்லை, இளவயது. இடுப்புக் கூட்டுக்குள் கோழிக்குஞ்சின் எலும்பு போலச் சின்னச் சின்னதாக வேறு எலும்புகள்.

மேலே பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் மேடம் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன்.

"பொண்ணு. இருபது, இருபத்திரண்டு வயசு. வயித்துல பிள்ளை, நிறைமாசம். பிள்ளை வெளிய வரல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அப்புறம் ஒருத்தி அவள் பெயர் என்ன என்றாள். இன்னொருத்தி அவள் செத்தபோது அவளைப் பெற்றவள் உயிரோடு இருந்தாளா என்றாள். எலும்பில் அதெல்லாம் இருக்காது என்றேன். உண்மைதானே? இருந்தால் சொல்ல மாட்டேனா?

அங்கேதான் இமெல்டா புகுந்தாள். எலும்புக் கையில் ஒரு செம்பு வளையல் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். இவள் இந்த ஆற்றுத் துறையை ஆண்ட அரசனின் இளம் மனைவியாம், ராணியாம், அவள் போன அன்று ஆற்றின் இருகரையிலும் அடுப்பு எரியவில்லையாம். சொல்லிக்கொண்டே போய் ஒரு ஒப்பாரி அடியையும் எடுத்துவிட்டாள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். பால்வண்ணம் சாருக்கே கண் கலங்கிவிட்டது.

ஆதாரம் எங்கே என்று கேட்டேன். வளையல் இருக்கிறதே என்றாள். என் அம்மா மூட்டுவாதத்துக்குச் செம்பு வளையல் போட்டிருந்தாள். அவளும் ராணியா?

போகும்போது எல்லாரும் அவளோடுதான் பேசிக்கொண்டு போனார்கள். இதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவர்களுக்குத் தர்க்கம் தெரியாது என்று அர்த்தம். ஆதாரமில்லாத பேச்சுக்கு மரியாதை கிடைப்பதைப் பார்த்தால் எந்த விஞ்ஞானிக்கும் எரியத்தான் செய்யும்.

ஏப்ரல் 14

சித்திரை விஷு. விடுதிக்காரர் பாயசம் கொடுத்தனுப்பினார். இமெல்டா அறைக்கு இரண்டு டம்ளர் போயிற்று.

ஒரு சின்ன சந்தோஷம். குழிப் பெண்களில் முப்பிடாதி என்று ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும். சாயங்காலம் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுக் கடைசியாகப் போகிறவள். அவள் மட்டும் இமெல்டாவுக்குப் பாட மறுக்கிறாளாம். "ஊரே சொல்லுது, அவளை மாதிரி ஒப்பாரி வைக்க ஆள் கிடையாதுன்னு. எம்புட்டோ கேட்டுட்டேன், வாயே திறக்க மாட்டேங்கா" என்று இமெல்டா புலம்பினாள். எல்லாரிடமும் பருப்பு வேகாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 16

கோடை மழை. தார்ப்பாய் சரிந்து, பன்னிரண்டாம் தேதிக்குப் பின் யாரும் கை வைக்காத தாழிக்குள் சேறு இறங்கிவிட்டது. வேலை இல்லை. அறையில் ஈசல்.

ஏப்ரல் 19

சேற்றை வழித்துக்கொண்டிருந்தோம். இமெல்டா நானும் ஒரு கை பார்க்கிறேன் என்று என் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அவள் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். நான் தள்ளித் தள்ளி மண்ணைக் கொட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, மண்டையோட்டின் தாடைக்கு அடியில், கறுப்பாக ஒரு பிடி அரிசி.

"வாய்க்கரிசி" என்றாள். அவ்வளவுதான், குரல் உடைந்துவிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் போட்ட வாய்க்கரிசி, இன்றைக்கும் நாம் போடுகிற அதே வாய்க்கரிசி என்று சொல்லிக் குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். பெண்கள் கும்பிட்டார்கள். முப்பிடாதி மண்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பால்வண்ணம் சார் காலக்கணிப்புக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வரட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று இமெல்டாவிடமும் சொன்னார். அவள் வாயா?

ஏப்ரல் 20

காலக்கணிப்புக்கு அனுப்புவதற்கு முன் நுண்ணோக்கியில் ஓர் அரிசியைக் கழுவி வைத்துப் பார்த்தேன்.

கருகவில்லை. ஈரச் சேற்றில் பூஞ்சை பிடித்துக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். கருகாத அரிசி தாழியில் இத்தனை காலம் தாங்காது. அதோடு மேல்தோல் வழுவழுவென்று எந்திரத்தில் தீட்டியது. ரேஷன் கடைப் பச்சரிசி. சந்தேகமே இல்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். வாசலில் இமெல்டா போனில் ஒரு பத்திரிகைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "நம்ம மக்கள் மறக்கவே இல்ல சார்" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்து முடிவு வராமல் அபிப்பிராயம் சொல்வது முறையல்ல.

ஏப்ரல் 23

பத்திரிகையில் முழுப்பக்கம். அவள் படம் பெரிதாக. பின்னால் மங்கலாக ஒரு தொப்பி தெரிகிறது, அது நான்.

ஏப்ரல் 27

டிவியிலும் வந்துவிட்டாள். சென்னையிலிருந்து இவர் போன் செய்தார். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா எதுவும் இல்லை, "உன் ஃப்ரெண்ட் என்னமா பேசுறாங்க!" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் என் கட்டுரை ஒன்றைப் படித்து இந்த மனிதர் 'என்னமா' என்று சொன்னதில்லை. படித்தால்தானே.

சரி, பொறாமைதான். சொந்த நாட்குறிப்பிலுமா நடிக்க வேண்டும்? நான் வாழ்க்கை முழுதும் சந்தேகப்பட்டு, அளந்து, திரும்ப அளந்து, ஒரு வரி சொல்வேன். அவள் ஒரு வளையலைப் பார்த்து ராணி என்பாள். உலகம் அவள் பின்னால் போகும். மேடை ஏறட்டும், நன்றாக ஏறட்டும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு.

மே 2

கேஸ் தீர்ந்துவிட்டது. ரொட்டியும் வாழைப்பழமும்.

மே 5

கேஸ் இல்லை என்று எப்படித் தெரிந்ததோ, இமெல்டா சாளை மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். கீழே உட்கார்ந்து எனக்குப் பரிமாறினாள். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சல்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்: "ஏட்டி ஆவுடை, அந்த அரிசில உனக்கு ஏதும் சந்தேகம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லு. அடுத்த வாரம் மதுரையில பெரிய கூட்டத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க."

"முடிவு வரட்டும்" என்றேன்.

"நீ சரின்னா சரிதான்" என்று தட்டைக் கழுவப் போனாள்.

அவளாகக் கேட்டாள், நான் சொல்லவில்லை. இதற்கு மேல் எழுத இன்று மனமில்லை.

மே 22

முடிவு வந்துவிட்டது. இக்கால அரிசி. அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பன் அதில் இருக்கிறது. அதோடு அனுப்பிய எலும்புக்கு மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம்.

பால்வண்ணம் சார் அறையில் நான்தான் வாசித்தேன். நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக. இமெல்டா முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு மாதமாக இந்த நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தேன். ருசித்தது. ஒரு பத்து நிமிஷம் நன்றாகவே ருசித்தது.

அப்புறம் பால்வண்ணம் சார் கேட்டார்: "அப்ப யாரோ வேணும்னே போட்டிருக்காங்க. யாரு?"

அவர் இமெல்டாவைப் பார்த்துக் கேட்டார். பிரஷ்ஷைப் பிடித்து எடுத்தவள் அவள். பேர் வாங்கியவளும் அவள். சந்தேகம் அவள் மேல் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே 24

முழுப்பக்கம் போட்ட அதே பத்திரிகையில் இன்று 'தாழியில் மோசடி'. மேலிடத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார்களாம். இமெல்டா குழிப்பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. கல்லூரியிலும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், வேலைக்கே உலை வைத்துவிடும் போலிருக்கிறது. குழிப் பெண்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், போலீசில் சொன்னாலும் சொல்வார்கள்.

அன்றைக்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எவளோ கொட்டின அரிசி என்று எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

பெண்கள் என்னிடம் பேசுவதில்லை. எக்காவை மாட்டிவிட்டது நான்தானாம். பாதி சரி.

மே 26

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு முப்பிடாதி என் கூடாரத்துக்கு வந்தாள். நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை, கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அரிசி போட்டது நான்தான் மேடம். நீங்க சொன்ன அன்னைக்குச் சாயந்தரமே போட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

"பொண்ணு, இருவது வயசு, வயித்துல பிள்ளை, பிள்ளை வெளிய வரல, அவ்வளவுதான்னு சொன்னியள்லா."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அவளுக்கு ஒரே மகள். மனதுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போனவள். நிறைமாதத்தில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. தகவல் கிடைத்து, பஸ் மாறி மாறி இவள் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். பெற்றவள் கையால் ஒரு வாய் அரிசி விழவில்லை. அது கிடந்து அறுத்துக்கொண்டே இருந்ததாம், ஆறு வருடமாக. எங்கே போய்ப் போடுவது?

இமெல்டா ராணி என்று சொன்னாளே, அப்போது போடத் தோன்றவில்லையா என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதைக் கேட்கத்தான் வாய் வந்தது, என்ன ஜென்மமோ.

"ராணிக்கு அரிசி போட ஊரே இருக்கும். நான் எதுக்கு? நீங்க சொன்னதுலதான் அவ யாரு வீட்டுப் பிள்ளையாவும் இருக்கலாம்னு இருந்துச்சு."

அப்புறம், நான் போய் ஆபீசரிடம் சொல்லிவிடுகிறேன், அந்த எக்கா பேர் கெட வேண்டாம் என்றாள். நான் வேண்டாம் என்று கத்திவிட்டேன். சொன்னால் வேலை போகும், கேஸ் போடுவார்கள். அதைவிடப் பெரிய கொடுமை, மறுநாளே வீட்டு வாசலில் மைக்கோடு நிற்பார்கள், மகளைப் பற்றி எப்படி உணர்கிறீர்கள் அம்மா என்று. அவளை வைத்து நாலு நாள் அழுது பிழைப்பார்கள்.

இமெல்டாவிடம் சொல்லியிருக்கலாமே, அவள் உங்களை எப்படியெல்லாம் கேட்டாள் என்றேன்.

"அந்த எக்கா நல்லவுகதான். ஆனா சொன்னா அழுதுருவாக. அப்புறம் அவுகளை நான்லா தேத்தணும். நீங்க அழமாட்டிய. அதான் உங்ககிட்ட வந்தேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இது பாராட்டா வசவா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஊரெல்லாம் எக்கா எக்கா என்று போகும்போது ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பெண்ணை இழந்த கதையைக் கேட்டுவிட்டுச் சந்தோஷப்படுகிறவளை என்னவென்று சொல்வது?

அவள் தலை மறைந்ததும் அழுதேன். அது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

மே 27

காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். மத்தியானம் மாற்றினேன். சாயங்காலம் பழைய முடிவுக்கே வந்தேன்.

மே 28

அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் பெட்டியில் எப்போதும் இக்கால அரிசி ஒரு குப்பியில் இருக்கும். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி தாழிக்குள் இறங்கியபோது அந்தக் குப்பி திறந்து கொட்டியது, நான் கவனிக்கவில்லை என்று எழுதினேன். இது பொய். நுண்ணோக்கியில் பார்த்தபோதே புது அரிசி என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்றும் எழுதினேன். அது உண்மை. ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு 'கவனக்குறைவு' என்று போட்டேன். பொறாமை என்று அரசாங்க அறிக்கையில் எழுத முடியாது.

அரிசி எந்தக் காலத்தது என்று அறிக்கையில் சொல்லியாயிற்று. அது ஏன் அங்கே வந்தது என்பதற்கு என் படிப்பில் வழி இல்லை. இருந்தது ஒரு வழிதான், வந்து சொன்னவளைக் காட்டிக்கொடுப்பது. அதற்குப் பதில் இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு பொய்த் தகவலில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மே 31

இமெல்டா மேல் தவறில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பெண்களை விசாரிக்கவில்லை. எனக்குக் கண்டன உத்தரவு. ஆய்வுக்கூடப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். இந்தப் பருவம் முடியும்வரை இங்கே தோண்டிய மண்ணைச் சல்லடை போடுகிற இடத்தில் மேற்பார்வை. "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் பால்வண்ணம் சார். என்னை இனி எந்தக் கருத்தரங்கிலும் அரிசிக்காரி என்றுதான் சொல்வார்கள்.

இவர் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஜூன் 2

இமெல்டா வந்தாள். கையில் குழம்பு இல்லை, சண்டைக்கு வந்த முகம். தெரிந்தே என்னை மேடை ஏற்றிவிட்டாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எதற்கு என்றாள். உன்னைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், ஹாஸ்டலிலிருந்தே எரியும் என்றேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"குப்பி கொட்டிச்சுன்னு எழுதியிருக்கியே, அதை மட்டும் நான் நம்ப மாட்டேன். நீ என்னை விழ வைப்ப, ஆனா குப்பியைத் திறந்து வைக்க மாட்ட. யாரு போட்டா?"

"தெரியாது."

"தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. ஆவுடை, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எழுத மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

எழுத மாட்டாள் என்பதை நம்பினேன். அழுவாள் என்பதும் தெரியும். "எலும்புல அதெல்லாம் இருக்காது" என்று சொல்லிவிட்டேன். அவள் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் 3

சல்லடைப் பக்கம் வெயில் கொடுமை. டீ வந்தபோது பெண்கள் வழக்கம்போல வேப்பமரத்தடியில் இமெல்டாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவளை மறுபடி குழிக்கு வர விட்டுவிட்டார்கள், சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. நான் தனியே சல்லடைக் கம்பில் சாய்ந்து டம்ளரை ஊதிக்கொண்டிருந்தேன்.

முப்பிடாதி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மரத்தடியைத் தாண்டி, அத்தனை பேரும் பார்க்க, வெயிலில் நடந்து வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தொண்டைக்குள்ளேயே ஒரு ஒப்பாரி அடி பாடினாள். அதில் மகள் பெயர் வந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

நிமிர்ந்தபோது மரத்தடியில் இமெல்டா பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ கேட்கிறார்கள், அவள் காதில் விழவில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடமாகக் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். பாவம், இனி அவளுக்குச் சோறு இறங்காது.